'எ பிட்டர்ஸ்வீட் லைஃப்' படத்தை எப்படிப் பார்ப்பது: விசுவாசம் எந்த இடத்தில் உடைகிறது என்று தேடுகிறவர்களுக்கு

நல்ல கொரிய கேங்ஸ்டர் படம் ஒன்று சொல்லுங்கள் என்று கேட்டால், பலரும் சொல்லும் முதல் சில பெயர்களுக்குள் 'எ பிட்டர்ஸ்வீட் லைஃப்' வந்துவிடும். 2005-இல் வந்த படம். இயக்குநர் கிம் ஜீ-வூன், நாயகன் லீ பியோங்-ஹன். 'ஸ்க்விட் கேம்' தொடரில் முகமூடி போட்ட ஃப்ரண்ட் மேனாக வருவாரே, அவர்தான். அந்தத் தொடரில் அவரைப் பிடித்துப்போய் பழைய படங்களைத் தேடி வருகிறவர்கள் இப்போது நிறைய. சண்டை பிரமாதம், ஸ்டைல் பிரமாதம் என்று சொல்லித்தான் இந்தப் படத்தை எல்லோரும் சிபாரிசு செய்கிறார்கள். அதை நம்பி உட்காருகிறவர்களில் சிலர், அரை மணி நேரம் ஆகியும் ஒன்றும் நடக்கவில்லையே என்று கையில் மொபைலை எடுத்துவிடுகிறார்கள். கடைசி வரை பார்க்கிறவர்களிலும் பாதிப் பேர், "இந்தச் சின்ன விஷயத்துக்கா இத்தனை கொலை?" என்று கேட்டுவிட்டு எழுந்து போகிறார்கள்.

அந்தக் கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டு பார்க்க வேண்டிய படம் இது. படத்தில் வரும் நாயகனுக்கும் தாதாவுக்கும்கூட அதே கேள்விதான். ஏழு வருஷம் கட்டிக் காத்த விசுவாசம் ஏதோ ஒரு நொடியில் உடைகிறது, அது எந்த நொடி, எதனால் என்று படம் வாய்விட்டுச் சொல்வதே இல்லை. சட்டகம், வெளிச்சம், முகம், உடை எல்லாவற்றிலும் ஒளித்து வைத்திருக்கிறார்கள். அதைத் தேடத் தெரிந்துவிட்டால் முதல் அரை மணி நேரம்தான் படத்திலேயே பதற்றமான பகுதி என்று நீங்களே சொல்வீர்கள்.

எப்படித் தேடுவது என்பதுதான் இந்தக் கட்டுரை. முதல் பகுதி படம் பார்க்காதவர்களுக்கு. நடுவில் ஒரு இடத்தில் நிறுத்தச் சொல்வேன், அங்கே நிறுத்திவிட்டுப் படத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

உட்காருவதற்கு முன்னால்

படம் இரண்டு மணி நேரம். ஒரே மூச்சில் பாருங்கள். பாதி இன்றைக்கு, மீதி நாளைக்கு என்று பார்த்தால் இது செத்துவிடும், ஏனென்றால் முன்பாதியில் அமைதியாகச் சேர்த்து வைத்ததை எல்லாம் பின்பாதியில்தான் செலவு செய்கிறார்கள்.

அறையை இருட்டாக்கிக்கொள்ளுங்கள். படத்தில் பாதிக்கு மேல் இரவு, கறுப்பு சூட், கறுப்புக் கார், கறுப்புப் பளிங்கு மாதிரியான தரை. ஜன்னல் வெளிச்சம் திரையில் விழும் பகல் நேரத்தில் பார்த்தால் உங்கள் முகம்தான் தெரியும். டிவியில் படத்தை வழவழவென்று ஆக்கும் அந்த மோஷன் ஸ்மூத்திங் இருந்தால் அணைத்துவிடுங்கள். மொபைலில்தான் பார்க்க முடியும் என்றால் ஹெட்போன் கட்டாயம். தால்பாலன், ஜாங் யோங்-க்யு இருவரும் போட்ட இசை படத்தின் பாதி உயிர், அது ஸ்பீக்கரில் கேட்காது.

கொரிய மொழி ஒலியோடு சப்டைட்டில் வைத்துப் பாருங்கள். டப்பிங் வேண்டாம். இதற்கு வலுவான காரணம் இருக்கிறது, பின்னால் சொல்கிறேன். இப்போதைக்கு ஒன்று: தமிழில் 'நீ', 'நீங்க' என்று இருப்பதைப் போல கொரிய மொழியிலும் யாரிடம் பேசுகிறோம் என்பதைப் பொறுத்து வினைமுற்றின் வால் மாறும். வாக்கியம் 'யோ' என்றோ 'ம்னிதா' என்றோ முடிந்தால் மரியாதை. அப்படி இல்லாமல் வெட்டென்று நின்றால் மேலே இருப்பவன் கீழே இருப்பவனிடம் பேசுகிறான், அல்லது சமமானவன், அல்லது அவமானப்படுத்துகிறான். ஆங்கில சப்டைட்டிலில் இது முழுக்கத் தொலைந்துவிடும். ஆனால் நமக்குக் காது பழக்கம் உண்டு, பத்து நிமிஷம் கவனித்தால் பிடிபட்டுவிடும்.

அப்புறம், ரத்தம் நிறைய. கத்தி, இரும்புத் தடி, நசுங்கும் கை என்று சில காட்சிகள் உண்மையிலேயே தாங்க முடியாதவை. குழந்தைகள் இருக்கும்போது போட வேண்டாம்.

இன்னொன்றும் தெரிந்திருந்தால் நல்லது. தென் கொரியாவில் சாதாரண ஆள் கையில் துப்பாக்கி என்பது கிட்டத்தட்ட நடக்காத காரியம். வேட்டைத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள்கூட அதைப் போலீஸ் நிலையத்தில்தான் விட்டுவைக்க வேண்டும். அதனால் கொரிய ரவுடிப் படங்களில் அடிதடி என்றால் கத்தியும் கட்டையும் பேஸ்பால் மட்டையும்தான். இந்தப் படத்தில் ஒரு துப்பாக்கி எப்போது உள்ளே வருகிறது, அதை வாங்க எவ்வளவு பாடுபட வேண்டியிருக்கிறது என்பதைக் கவனியுங்கள். ஹாலிவுட் படத்தில் பத்தாவது நிமிஷத்தில் ஆளுக்கு ஒன்று எடுத்துவிடுவார்கள். இங்கே அது வந்த பிறகு பழைய விதிகள் எதுவும் செல்லாது என்று அர்த்தம்.

முதல் தடவை பார்க்கும்போது

கதையின் தொடக்கம் இவ்வளவுதான். சோல் நகரில் ஒரு ஆடம்பர ஹோட்டல். அதன் சொந்தக்காரர் காங், தொழில் உலகத்து மரியாதையோடு வாழும் தாதா. அவருடைய வலதுகை சன்-வூ, ஹோட்டல் நிர்வாகத்தையும் பார்க்கிறான், தேவைப்படும்போது கையையும் ஓங்குகிறான். காங் மூன்று நாள் ஷாங்காய் போகிறார். போகும் முன் சன்-வூவிடம் ஒரு சொந்த வேலையை ஒப்படைக்கிறார்: தன்னைவிட வயதில் மிகவும் சின்னவளான காதலி ஹீ-சூவுக்கு வேறு யாரோடாவது தொடர்பு இருக்கிறதா என்று கவனி, இருந்தால் எனக்குச் சொல், அல்லது நீயே முடித்துவிடு.

இதற்கு மேல் தெரியாமல் பார்ப்பது நல்லது. ஆனால் எங்கே கண்ணை வைக்க வேண்டும் என்பதைச் சொல்லலாம்.

முதல் காட்சியில் காற்றில் ஆடும் ஒரு மரக்கிளை. பின்னணியில் குரல்: சீடன் குருவிடம் கேட்கிறான், அசைவது கிளையா, காற்றா? இரண்டும் இல்லை, உன் மனம் என்கிறார் குரு. இது ஜென் மரபில் ஹுய்-நெங் சொன்னதாக வரும் பழைய கதையின் சாயல். மூலத்தில் கிளைக்குப் பதில் கொடி. (போதிதருமரை முதல் குருவாக வைத்து எண்ணும் சீன வரிசையில் ஹுய்-நெங் ஆறாவது. காஞ்சியிலிருந்து போனவர் என்று நாம் சொல்லிக்கொள்ளும் அதே போதிதருமர்தான்.) ரவுடிப் படத்துக்கு எதற்கு இந்தத் தத்துவம் என்று தாண்டிப் போகாதீர்கள். என்ன அசைந்தது என்ற கேள்வியை முதல் நிமிஷத்திலேயே உங்கள் கையில் கொடுத்துவிடுகிறார்கள்.

அடுத்து வருகிற ஹோட்டல் காட்சியில் மேல், கீழ் என்ற கணக்கைப் பாருங்கள். மேலே, நகரத்து விளக்குகள் தெரியும் லவுஞ்ச்; அதற்கு 'லா டோல்ச்சே வீட்டா' என்று பெயர். அங்கே உட்கார்ந்து சன்-வூ ஒரு இனிப்பைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். கீழே ஒரு அறையில் வேறொரு கும்பலின் ஆட்கள் நேரம் முடிந்தும் எழுந்து போகாமல் வம்பு செய்கிறார்கள். அவனைக் கூப்பிடுகிறார்கள். அவன் அவசரப்படுவதே இல்லை. இறங்கிப் போய் அடித்து நொறுக்குகிறான். சூட் கலையவில்லை. இந்த ஒரு காட்சியில் அவனைப் பற்றித் தெரிய வேண்டியது எல்லாம் இருக்கிறது: வேலையில் சுத்தம், தன் தோற்றத்தின் மேல் ஒரு மயக்கம், தலைவர் தன்னை நம்புகிறார் என்ற நிம்மதி. அந்த அடி வாங்கியவர்கள் யாருடைய ஆட்கள் என்பதையும் நினைவில் வையுங்கள், அது சும்மா இல்லை.

பிறகு காங்கும் சன்-வூவும் சாப்பாட்டு மேஜையில். காதலித்திருக்கிறாயா என்று தலைவர் கேட்கிறார். இல்லை. அதனால்தான் உன்னிடம் இந்த வேலையைக் கொடுக்கிறேன் என்கிற தொனியில் அவர் பேசுகிறார். இந்தக் காட்சியில் நீங்கள் பார்க்க வேண்டியது காங்கின் முகத்தை. நடித்தவர் கிம் யோங்-சோல், 2000-இல் தொடங்கிய ஒரு பெரிய வரலாற்றுத் தொடரில் மன்னன் குங் யேவாக வந்து கொரியா முழுக்கப் பிரபலமானவர். சந்தேகம் முற்றி, எதிரில் நிற்பவனின் மனதைப் படித்துவிட்டேன் என்று சொல்லி ஆட்களைக் கொல்லும் மன்னன். கொரிய ரசிகர்கள் இவரைத் திரையில் பார்த்த உடனே அந்த மன்னனைத்தான் பார்த்திருப்பார்கள். காங் குரலை உயர்த்தாமல், சாப்பாட்டை மென்றுகொண்டே பேசும்போது வயிற்றில் ஏதோ புரளுவது அதனால்தான்.

சண்டைகளை எதிர்பார்த்துக் காத்திருக்காதீர்கள், அவை தானாக வரும். ஹீ-சூவை அவன் பின்தொடரும் அந்த நாட்களில், அவன் முகத்தை மட்டும் பாருங்கள். லீ பியோங்-ஹன் அந்தப் பகுதியில் செய்வது மிகக் குறைவு. கண் ஓரம், உதட்டு ஓரம், அவ்வளவுதான். அந்தக் குறைவில் ஒரு இடத்தில் ஏதோ மாறும். எந்த இடம் என்று உங்களுக்குத் தோன்றுகிறதோ அதை மனதில் குறித்துக்கொள்ளுங்கள், சரியா தப்பா என்று கவலைப்பட வேண்டாம்.

சரி, இங்கே நிறுத்துங்கள். படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள். இதற்குக் கீழே முடிவு வரை எல்லாம் பேசப்போகிறேன்.

இரண்டாவது தடவை: அந்த நொடியைத் தேடுவது

ஒரு வாரம் விட்டுப் பாருங்கள். என்ன நடக்கும் என்று தெரிந்த பிறகு பார்ப்பதுதான் இந்தப் படத்துக்கு உண்மையான பார்வை, ஏனென்றால் இப்போது யார் யாரை அடிப்பார்கள் என்ற பரபரப்பு இல்லை, முகங்களுக்கு நேரம் இருக்கிறது.

பெரும்பாலானவர்கள் விசுவாசம் உடைவது ஹீ-சூவின் வீட்டில், அவளையும் அவள் காதலிக்கும் பையனையும் கையும் களவுமாகப் பிடித்த பிறகு, காங்குக்குப் போன் போடப் போய் சன்-வூ நிறுத்துகிறானே, அங்கே என்பார்கள். கதைப்படி அதுதான். இனி சந்திக்காதீர்கள், எல்லாவற்றையும் மறந்துவிடுங்கள் என்று சொல்லி விட்டுவிடுகிறான். ஆனால் என் பார்வையில் அது முன்பே உடைந்த பாத்திரம் கீழே விழும் ஓசை. உடைந்தது ஒலிப்பதிவுக் கூடத்தில். ஹீ-சூ செல்லோ வாசிக்கிறாள், அவன் ஒரு ஓரமாக உட்கார்ந்து கேட்கிறான், அவன் முகம் லேசாக இளகுகிறது. ஹீ-சூவாக வரும் ஷின் மின்-ஆவின் மேல் கேமரா எவ்வளவு நேரம் நிற்கிறது, அவன் மேல் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பாருங்கள். காதல் என்று அதற்குப் பெயர் வைக்க முடியாது, அவளிடம் அவன் ஒரு வார்த்தைகூட அப்படிப் பேசுவதில்லை. தனக்கும் ஒரு வாழ்க்கை இருந்திருக்கலாம் என்று அவனுக்கு முதல் தடவையாகத் தோன்றிய இடம் அது என்று நான் எடுத்துக்கொள்கிறேன். இதை நான் சொல்லிவிட்டேன் என்பதற்காக ஏற்றுக்கொள்ள வேண்டாம். அந்தக் காட்சியை ஒலியை நிறுத்தி ஒரு முறை, ஒலியோடு ஒரு முறை என்று பாருங்கள். இசை இல்லாமலும் அந்த முகம் மாறுகிறதா என்பதுதான் சோதனை.

அதற்குப் பிறகு அவன் நிலைகுலைவதைப் படம் எவ்வளவு மறைமுகமாகச் சொல்கிறது! வீட்டில் தனியாக உட்கார்ந்து விளக்கைப் போட்டு அணைத்து, போட்டு அணைத்துக்கொண்டிருக்கிறான். சாலையில் வேறொரு காரில் வந்த பையன்கள் வம்பிழுக்க, துரத்திப் போய் மறித்து அடித்து, அவர்கள் கார் சாவியைத் தூக்கி எறிகிறான். முதல் தடவை பார்க்கும்போது இது ஒரு மாஸ் காட்சி, கைதட்டத் தோன்றும். இரண்டாவது தடவை பாருங்கள்: முதல் சண்டையில் சூட் கலையாமல் அடித்தவன், யாரென்றே தெரியாத பையன்கள் மேல் இப்படிப் பாய வேண்டிய அவசியம் என்ன? வேலைக்காக மட்டும் கை ஓங்கியவன் முதல் தடவையாகத் தனக்காக ஓங்குகிறான்.

இப்போது இன்னொரு பக்கத்தையும் பாருங்கள், ஏனென்றால் இதில் பழி ஒரு திசையிலிருந்து வரவில்லை. ஆரம்பத்தில் அடி வாங்கியவர்கள் பேக் என்பவனின் ஆட்கள். ஹ்வாங் ஜங்-மின் நடித்தது. முகத்தில் ஒரு தழும்பும், பேச்சில் ஒரு அசிங்கமும். (அதே 2005-இல் கிராமத்து அப்பாவியாக வேறொரு படத்தில் நடித்து கொரியாவின் ப்ளூ டிராகன் திரைப்பட விருது வாங்கியவர் இவர்தான், நம்பவே முடியாது.) பேக்கின் ஆள் ஒருவன் சன்-வூவிடம் வந்து கேட்பது ஒரே ஒரு மன்னிப்பு. தப்பு செய்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு, எல்லாம் முடிந்துவிடும் என்கிறான். சன்-வூ சொல்ல மாட்டான். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் படத்தில் பாதிப் பேர் உயிரோடு இருந்திருப்பார்கள்.

இந்த இடத்தையும் காங்கின் கோபத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காங்கும் அவனிடம் கேட்பது ஒரு வார்த்தைதான்: ஏன் செய்தாய்? அதற்கும் பதில் இல்லை. ஒருவனுக்கு மன்னிப்பு கொடுக்க மறுக்கிறான், இன்னொருவருக்குக் காரணம் கொடுக்க முடியாமல் நிற்கிறான். ஒருவேளை காரணம் அவனுக்கே தெரியவில்லை. தலைவன் தப்பு நடந்தது என்று சொல்லிவிட்டால், தப்பே நடக்காவிட்டாலும் ஒருவன் தப்பு செய்தவனாக முன்னால் வந்து நிற்க வேண்டும் என்ற அர்த்தத்தில் காங் ஓரிடத்தில் பேசுவார். இந்தக் கூட்டத்தில் விசுவாசம் என்றால் அதுதான், நியாயத்துக்கு அதில் இடம் கிடையாது. கேட்கும்போது ரத்தம் உறைகிறது, ஏனென்றால் இது ரவுடிக் கூட்டத்தில் மட்டும் நடப்பதில்லை. காங்கும் பேக்கும் ஒருவரை ஒருவர் கம்பெனி முதலாளிகளை அழைப்பதுபோல 'சாஜங்' என்றே அழைத்துக்கொள்கிறார்கள். சூட், கைகுலுக்கல், மேலாளர் பதவி என்று எல்லாமே ஒரு நிறுவனம் மாதிரி நடப்பதைக் கவனியுங்கள்.

நடுவில் வரும் சித்திரவதை, உயிரோடு புதைப்பது, மழையில் சேற்றைக் கிழித்துக்கொண்டு அவன் மேலே வருவது, அப்புறம் எரியும் கட்டையைக் கையில் எடுத்து அத்தனை பேரையும் எதிர்த்துத் தப்பிப்பது, இவை எல்லாம் சண்டை ரசிகர்கள் ஏற்கெனவே நூறு தடவை பேசியவை, நான் விட்டுவிடுகிறேன். ஒன்று மட்டும்: அங்கே சன்-வூ அழகாகச் சண்டை போடுவதில்லை. தடுமாறுகிறான், வழுக்குகிறான், கையில் கிடைத்ததை எடுக்கிறான். தொடக்கத்தில் பார்த்த அந்த நேர்த்தி முழுக்கப் போய்விட்டது. ஸ்டைலான படம் என்று சொல்கிறவர்கள் இந்த மாற்றத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நேர்த்தி என்பது அவன் தலைவரிடமிருந்து பெற்றது, தலைவர் போனதும் அதுவும் போய்விடுகிறது.

துப்பாக்கி வாங்கப் போகும் காட்சியில், பிரித்த துப்பாக்கியை யார் முதலில் பூட்டுவது என்று மேஜைக்கு இரண்டு பக்கமும் கைகள் பரபரக்கும் இடம் வருமே, அதைப் பார்க்கும்போது கொரிய ஆண்களுக்குக் கட்டாய ராணுவ சேவை உண்டு என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். துப்பாக்கியே புழங்காத ஊரில் இவன் கை இவ்வளவு பழகியிருப்பது விசித்திரமாகத் தெரியாது. அங்கே விழும் ஒரு பிணம்தான் கடைசியில் அவனைத் தேடி வருகிறது. செத்தவனின் தம்பி, படத்தில் அதிகம் பேசாமல் வந்து நிற்கும் அந்த இளைஞன். அவனாக வருவது பாப் பாடகர் எரிக். அவனுக்குச் சன்-வூ யாரென்றே தெரியாது, சன்-வூவின் துயரம் என்னவென்றும் தெரியாது. அண்ணனைக் கொன்றவன், அவ்வளவுதான். ஒரு பழியைத் தீர்க்கப் போகிறவன் வழியிலேயே இன்னொரு பழியை விதைத்துவிட்டுப் போகிறான் என்பதை ஒரு வசனம்கூட இல்லாமல் இந்தப் பாத்திரம் சொல்லிவிடுகிறது. திரைக்கதை எழுதுகிறவர்கள் இந்த ஒரு இழையை மட்டும் தனியாக எடுத்துப் படிக்கலாம்: எந்த நிமிஷத்தில் நுழைகிறான், எத்தனை முறை காட்டுகிறார்கள், எவ்வளவு குறைவாகச் சொல்கிறார்கள்.

இனி அந்தக் கடைசி சந்திப்பு. மறுபடியும் மேலே, அதே லவுஞ்ச். சப்டைட்டிலை வைத்துப் பாருங்கள் என்று சொன்னதற்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது. சன்-வூ கையில் துப்பாக்கி, உடம்பெல்லாம் ரத்தம், எதிரே காங். ஏன் எனக்கு இப்படிச் செய்தீர்கள் என்று கேட்கிறான். அந்த வாக்கியங்களின் முடிவைக் காதால் கேளுங்கள்: 'யோ' என்று முடியும். கொல்ல வந்த இடத்திலும் மரியாதைப் பேச்சு. நம் பேச்சில் சொன்னால், துப்பாக்கியை நீட்டிக்கொண்டு "சொல்லுங்க" என்கிறான், "சொல்லுடா" என்று வரவில்லை. ஏழு வருஷம் நாய் மாதிரி உழைத்தேனே என்று கேட்கிறவனின் நாக்கு இன்னும் அவருக்கு வேலை பார்க்கிறது. காங்கோ கடைசி வரை மேலிருந்து கீழேதான் பேசுகிறார், நீ என்னை அவமானப்படுத்திவிட்டாய் என்கிறார். கொரியாவில் அந்த வசனம் ஊர் முழுக்கப் பரவி, ஆளாளுக்கு நடித்துக் காட்டும் அளவுக்குப் பிரபலம். அதில் இருக்கும் சின்னத்தனத்தைப் பாருங்கள்: இத்தனை பெரிய மனிதர், இத்தனை பிணங்கள், காரணம் கேட்டால் மனம் புண்பட்டது என்கிறார். அது பொய்யும் இல்லை. அவரைப் பொறுத்தவரை அதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை.

பழி தீர்ந்த திருப்தி உங்களுக்கு வருகிறதா என்று அந்த இடத்தில் உங்களையே கேளுங்கள். எனக்கு வரவில்லை. சன்-வூவுக்கும் வரவில்லை என்பது அவன் முகத்திலேயே தெரிகிறது. அவனுக்குத் தேவைப்பட்டது பதில். ஆள் செத்துவிட்டால் பதில் சொல்ல யாரும் இல்லை.

கடைசியில் அவன் கண்ணாடி ஜன்னலில் தெரியும் தன் உருவத்தோடு குத்துச்சண்டை போடும் காட்சியைப் பற்றி ஆளுக்கொரு விளக்கம் இருக்கிறது. முழுப் படமும் ஒரு கனவு என்கிறவர்களும் உண்டு. அந்த விளக்கங்களைப் படிப்பதற்கு முன்னால் காட்சியை ஒரு முறை தனியாகப் பாருங்கள். அவன் சிரிக்கிறான். படம் முழுக்க அவன் அப்படிச் சிரித்த இடம் வேறு எங்கே என்று பின்னால் ஓட்டித் தேடுங்கள். கனவா நிஜமா என்ற வாதத்தைவிட அந்தத் தேடல் உங்களுக்கு அதிகம் கொடுக்கும்.

இதை வைத்துக் குறும்படம் எழுத நினைப்பவர்களுக்கு

சுருக்கமாகவே சொல்கிறேன். கேங்ஸ்டர் கதை எழுதும்போது நாம் முதலில் துரோகத்தை எழுதிவிடுகிறோம், விசுவாசத்தை எழுத மறந்துவிடுகிறோம். இந்தப் படம் ஒரு தலைவனும் தொண்டனும் சேர்ந்து சாப்பிடும் காட்சிக்கு நேரம் கொடுக்கிறது, அவன் வேலையை எவ்வளவு பெருமையோடு செய்கிறான் என்று காட்ட நேரம் கொடுக்கிறது. உடைய வேண்டியது எவ்வளவு மதிப்பானது என்று தெரிந்தால்தான் உடையும்போது வலிக்கும். இரண்டாவது, நாயகனுக்கு இறந்துபோன தங்கை, எரிந்துபோன வீடு என்று பழைய காயம் எதையும் இவர்கள் கொடுக்கவில்லை. அவன் எங்கிருந்து வந்தான் என்றே நமக்குத் தெரியாது. அந்த வெற்றிடத்தை நிரப்ப உங்கள் கை துறுதுறுக்கும். நிரப்பாதீர்கள்.

நிரப்பினால் என்ன ஆகும் என்று பார்க்க ஒரு உதாரணமே இருக்கிறது. 2007-இல் மோஹித் சூரி இயக்கத்தில் இம்ரான் ஹாஷ்மி நடித்த 'ஆவாராபன்' என்ற இந்திப் படம் கிட்டத்தட்ட இதே எலும்புக்கூட்டின் மேல் நிற்கிறது: தாதா, வலதுகை, கண்காணிக்கச் சொன்ன பெண், விட்டுவிடும் முடிவு. ஆனால் அங்கே நாயகனுக்கு ஒரு இறந்த காதலி (ஷ்ரேயா) உண்டு, இழந்த நம்பிக்கை உண்டு, அவன் ஏன் விட்டுவிட்டான் என்பதற்கு முழு விளக்கம் உண்டு. பாட்டுகள் அருமை, அழவும் வைக்கும். ஆனால் கேள்வி போய்விட்டது. இரண்டையும் அடுத்தடுத்த நாள் பார்த்தால் ஒரு காரணம் சேர்ப்பதால் என்ன கிடைக்கிறது, என்ன போகிறது என்று எந்த வகுப்பும் சொல்லித்தராத அளவுக்குப் புரியும்.

அடுத்து எதைப் பார்ப்பது

முதலில் ஜானி டோவின் 'தி மிஷன்', 1999, ஹாங்காங். ஒன்றரை மணி நேரம்கூட இல்லை. ஒரு தாதாவைக் காக்க ஐந்து பேரைச் சேர்க்கிறார்கள், வேலை முடிகிறது, அதில் ஒருவனுக்கும் தாதாவின் மனைவிக்கும் உறவு என்று தெரியவருகிறது, அவனை முடித்துவிடு என்று அவன் கூட்டாளியிடமே உத்தரவு வருகிறது. சன்-வூ தனியாகச் சுமந்ததை இங்கே ஐந்து பேர் பங்கு போட்டுச் சுமக்கிறார்கள், அதனால் முடிவும் வேறு மாதிரி. வணிக வளாகத்தில் வரும் துப்பாக்கிச் சண்டையில் அவர்கள் ஓடுவதே இல்லை, அசையாமல் நின்று காத்திருக்கிறார்கள். அதை மட்டும் தனியாகப் பலமுறை பார்க்கலாம்.

அடுத்து 1967-இல் வந்த பிரெஞ்சுப் படம் 'லெ சமுராய்'. ழான்-பியர் மெல்வில் இயக்கியது, அலென் டெலோன் நடித்தது. முதல் பத்து நிமிஷம் போல யாரும் பேசவே மாட்டார்கள். குறைவாக நடித்து நிறையச் சொல்லும் இந்த வகைக் கொலைகாரனுக்குத் தாத்தா அவர்.

தமிழில் என்றால் தியாகராஜன் குமாரராஜாவின் 'ஆரண்ய காண்டம்', 2011. வயதான தாதா, அவர் வீட்டில் இருக்கும் இளம்பெண், தலைவரே கொல்லச் சொல்லி ஆள் அனுப்பும் வலதுகை என்று மூன்று முனைகளும் இதிலும் உண்டு, ஆனால் எல்லாம் வேறு கோணத்தில். 'பிட்டர்ஸ்வீட் லைஃப்' பார்த்த சூட்டோடு இதைப் பார்த்தால், சுப்பு என்ற அந்தப் பெண்ணை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள். கொரியப் படத்தில் ஹீ-சூவை நாம் கடைசி வரை ஆண்களின் கண் வழியாகத்தான் பார்க்கிறோம், அவள் என்ன நினைத்தாள் என்று படம் கேட்கவே இல்லை. அந்தப் படத்தின் மேல் எனக்கு இருக்கும் ஒரே பெரிய மனக்குறை அது. சுப்புவிடம் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள், அவளும் பதில் சொல்கிறாள்.